சேரியைப் பற்றிய கட்டுரைக்குச் சேரி கட்டும் கப்பம்

1907 ஜூன் மாதம் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வார இதழைக் கொண்டு வந்தார். பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. பத்திரிகைக்குப் பேர் வைக்கிறவங்க சாமி பேரை வைப்பாங்க, தேசத்தோட பேரை வைப்பாங்க. பண்டிதர் விலையைப் பேராக வைத்தார். அடுத்த ஆண்டே அது 'தமிழன்' என்று மட்டும் ஆனது. ஆனாலும் அந்த முதல் பெயர் வெறும் விளம்பரம் அல்ல. தான் எழுதுவது யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை எழுதுகிறவரே முகப்பில் அறிவித்துவிட்ட காரியம் அது.

1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டையே ரத்து செய்துவிட, அங்கே பேச வேண்டிய உரையை அம்பேத்கர் தன் செலவில் 1500 பிரதி அச்சடித்தார். விலை எட்டணா. அதற்கு 'ஹரிஜன்' இதழில் மறுப்பு எழுதிய காந்தி, எட்டணா அதிகம், இரண்டணா வைத்திருக்கலாம், மிஞ்சினால் நாலணா என்று விலையையும் ஒரு பிடி பிடித்தார். இந்து மதத்தைப் பற்றி ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகவே இல்லை. ஆனால் சாதியைப் பற்றிய எழுத்துக்கு எட்டணா என்றால் அது கேள்வி கேட்க வேண்டிய விஷயம்தான் என்பதை எதிர்த்தரப்பே சொல்லியிருக்கிறது, பாருங்கள்.

இன்றைக்கு என்ன நிலை? அம்பேத்கர் 1956 டிசம்பரில் மறைந்தார். இந்தியச் சட்டப்படி அறுபது ஆண்டு முடிந்து 2017 ஜனவரி 1 முதல் அவர் எழுத்து பொதுச்சொத்து. மகாராஷ்டிர அரசு வெளியிட்ட தொகுதிகளை இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அம்பேத்கரைப் படிக்கக் காசு வேண்டாம். அம்பேத்கரைப் பற்றி ஒரு பேராசிரியர் பன்னாட்டு ஆய்விதழில் எழுதிய இருபது பக்கத்தைப் படிக்கத்தான் முப்பது, நாற்பது டாலர் எடுத்து வை என்கிறான். நம்ம காசுக்கு மூவாயிரத்துக்கு மேலே. 2024-25இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 319 ரூபாய். பத்து நாள் மண் வெட்டினால் ஒரு கட்டுரை. அதுவும் மொத்தக் கூலியும் கைக்கு வந்தால்.

'இதெல்லாம் பல்கலைக்கழகத்துக்காரங்க பிரச்சினை, காலனிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்' என்று இயக்கத்துத் தோழர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சம்பந்தம் இருக்கு. சொல்றேன்.

வட மாவட்டத்தில் ஒரு காலனி. பல ஆண்டுகளுக்கு முன் அங்கே வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் வந்து மூணு மாசம் தங்கினார். நல்ல மனிதர். மொழிக்கும் வழிக்கும் நான்தான் கூடப் போனேன். சுடுகாட்டுக்குப் போகிற பாதை பற்றித்தான் அவர் அதிகம் விசாரித்தார். பாதை எங்கே இருந்தது, எந்த வருஷம் யார் வேலி போட்டார்கள், அதற்கு முன் பிணத்தை எந்த வழியாகத் தூக்கிப் போனோம் என்று வயசான தாத்தாக்களும் ஆயாக்களும் மணிக்கணக்கில் சொன்னார்கள். ஒலிநாடாவில் பதிந்தார், வரைபடம் போட்டார், போனார். கட்டுரையும் வந்தது. சில வருஷம் கழித்து அதே பாதைக்குத் தகராறு. கோட்டாட்சியர் முன்னால் அமைதிப் பேச்சுவார்த்தை என்று தேதி குறித்துவிட்டார்கள். 'காலங்காலமா அந்தப் பக்கம் பாதையே கிடையாது' என்று ஊர்த் தரப்பில் எழுதிக் கொடுக்கிறான். சாட்சி சொல்ல வேண்டிய பெருசுகள் பாதிப்பேர் மண்ணுக்குப் போயாச்சு. அவங்க சொன்னது எங்கே இருக்கு? அந்தக் கட்டுரையில் இருக்கு. பையன் ஒருத்தன் செல்போனில் தேடிக் கண்டுபிடித்துக் காட்டினான். தலைப்பு தெரியுது, சுருக்கம் தெரியுது, கீழே ஒரு பூட்டுப் படம். 39 டாலர். கட்டினால் 24 மணி நேரம் படிக்கலாமாம். "அண்ணே, எங்க ஆயா பேசினதுக்கு எங்ககிட்டயே வாடகை கேக்குறான்ணே" என்றான். ஆய்வாளருக்கு மின்னஞ்சல் போட்டேன். மன்னிப்புக் கேட்டுக் கட்டுரையை அனுப்பினார். அது வந்தபோது பேச்சுவார்த்தை முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

இதில் தனிமனிதர்களின் நல்லெண்ணம், கெட்ட எண்ணம் பற்றிப் பேசிப் பிரயோசனமில்லை. இந்த வியாபாரம் நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

ஆய்வுக்குப் பணம் கொடுப்பது பெரும்பாலும் அரசு, அதாவது மக்கள் வரி. எழுதுகிறவருக்குக் கம்பெனி நயாபைசா கொடுப்பதில்லை. எழுதியது சரியா என்று பார்த்துச் சொல்லும் சக ஆய்வாளர்களுக்கும் கிடையாது. இப்படி ஓசியில் விளைந்ததைக் கம்பெனி மூட்டை கட்டி, விளைவித்த பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கே சந்தா போட்டு விற்கும். இந்தத் தொழிலில் பெரிய கை எல்சவியர். அதை நடத்தும் ரெலக்ஸ் குழுமத்தின் அறிவியல், மருத்துவப் பதிப்புப் பிரிவு 2023இல் 306 கோடி பவுண்டு வருவாயில் 116 கோடி பவுண்டுக்கு மேல் லாபம் பார்த்தது. நூறு ரூபாய்க்கு முப்பத்தெட்டு. நெல்லு விளைவிச்சவனுக்கு, கத்திரிக்கா போட்டவனுக்கு, செருப்புத் தைச்சவனுக்கு இந்தக் கணக்கு எந்த ஜென்மத்தில் கிடைத்தது?

இதற்கெல்லாம் ஆதாரம் ஒரு கையெழுத்து. கட்டுரை ஏற்கப்பட்டதும் ஒரு தாள் வரும். 'இதன் பதிப்புரிமையைக் கம்பெனிக்கு மாற்றித் தருகிறேன்' என்று ஆய்வாளர் அதில் ஒப்பமிடுவார். வாசித்துப் பார்த்துப் போடுகிறவர்கள் குறைவு. பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும், முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வேண்டும், போட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்தக் கையெழுத்தை நாம் வேறு இடத்தில் பார்த்திருக்கிறோம், தோழர்களே. செங்கல்பட்டு ஜில்லாவில் பறையர்களின் நிலையைப் பற்றி டிரெமென்கீர் கொடுத்த அறிக்கையை ஒட்டி 1892இல் சென்னை மாகாண அரசு பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை போட்டது. அதில் நிபந்தனை இருந்தது. முதல் பத்தாண்டுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே மாற்றலாம். மற்றவனுக்கு மாற்றினால் செல்லாது. அப்படியிருந்தும் நிலம் எங்கே போச்சு? அஞ்சு மரக்கா கேழ்வரகுக்கும், கல்யாணக் கடனுக்கும், மிரட்டலுக்கும் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினார்கள். பேரன் அதே நிலத்தில் கூலிக்குப் போகிறான். ஆய்விதழ்க் கம்பெனி வாங்குவதும் கைநாட்டுதான். வைக்கிறவர் டாக்டர் பட்டம் வாங்கியவர், அது ஒன்றுதான் வித்தியாசம். தன்னுடைய எழுத்தையே எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க அனுமதி கேட்டு நிற்கிறார்.

ஆனால் பஞ்சமி ஆணையில் ஒரு சரியான யோசனை இருந்தது. ஒரு சொத்து அடித்தள மக்களுடையது என்றால் அதை அனுபவிக்கலாம், கைமாற்றி ஆதிக்கக்காரனிடம் போக விடக்கூடாது. அந்த நிபந்தனைதான் ஆய்வுக்கும் வேண்டும். பொதுப் பணத்தில், பொது மக்களின் வாய்மொழியில் உருவான எழுத்துக்குப் பதிப்புரிமை கைமாறக்கூடாது. கம்பெனி அச்சடித்துக்கொள்ளட்டும், விற்றுக்கொள்ளட்டும், அதற்கு அனுமதி தரலாம். உரிமையைத் தரக்கூடாது. எழுதியவருக்கு அதை எங்கேயும் யாருக்கும் இலவசமாகப் போட உரிமை எப்போதும் இருக்க வேண்டும். நிலத்தில் தோற்றது அந்த நிபந்தனை தப்பு என்பதால் இல்லை. அமல்படுத்தினவன் எவனும் சேரிக்காரன் இல்லை.

'இப்போதான் எல்லாம் திறந்தாச்சே' என்பார்கள். 2002இல் புடாபெஸ்ட் அறிக்கை வந்ததிலிருந்து 'திறந்த அணுக்கம்' பெரிய சொல்லாடல் ஆகியிருக்கிறது. சரி, திறந்தது எப்படி? படிக்கிறவனிடம் வாங்கிய காசை இப்போது எழுதுகிறவனிடம் வாங்குகிறார்கள். 2021 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் கட்டுரையைத் திறந்து வைக்க நிர்ணயித்த கட்டணம் 9,500 யூரோ. எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். ஏழை நாட்டுக்குச் சலுகை தருகிறோம் என்கிறார்கள். அந்தப் பட்டியலில் இந்தியாவைச் சேர்க்காத கம்பெனிகள் உண்டு. அவர்கள் கணக்கில் இந்தியா பெரிய சந்தை. சந்தைக்குள்ளே இருக்கிற காலனி எவன் கண்ணுக்கும் தெரியாது.

கௌதம தர்ம சூத்திரம் என்ன சொன்னது? வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று, ஓதினால் நாக்கை அறு, மனசில் வைத்திருந்தால் உடம்பைப் பிள. இதை மேடையில் அடிக்கடி சொல்லிச் சொல்லி நமக்கே பழகிவிட்டது. ஆனால் அதன் வரிசையைக் கவனியுங்கள். கேட்பது, சொல்வது, சேமித்து வைப்பது என்று அறிவின் மூன்று வாசலுக்கும் தனித்தனியே காவல். இன்று படிக்கச் சந்தா. எழுதக் கட்டணம். சேமித்து வைத்தால்? ஆரோன் ஸ்வார்ட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் எம்.ஐ.டி. வளாகத்தில் உட்கார்ந்து ஜேஸ்டோர் களஞ்சியத்திலிருந்து லட்சக்கணக்கில் கட்டுரைகளை இறக்கி வைத்தார். 2011இல் கைது. பல பத்தாண்டு சிறைக்கு வழி இருக்கும் குற்றச்சாட்டுகள். 2013 ஜனவரியில், இருபத்தாறு வயதில், தூக்கில் தொங்கினார். அவர் சூத்திரரும் இல்லை, தலித்தும் இல்லை, வெள்ளைக்காரப் பையன். இந்த முதலாளியம் சாதி கேட்டுத் தண்டிப்பதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே அதன் பூட்டு வந்து விழுவது ஏற்கெனவே பூட்டிய கதவின் மேல்.

அந்தக் கதவைக் கொஞ்சம் பார்ப்போம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் 'நெட்' இல்லாத முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய். 2012இல் வைத்தது. 2023இல் ஜே.ஆர்.எஃப். 37,000 ஆனபோதும் அது அசையவில்லை. 2016 ஜனவரியில் ரோஹித் வெமுலா இறந்தபோது அவருக்கு ஏழு மாதமாக உதவித்தொகை வரவில்லை. அந்தக் காசில்தான் விடுதி, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம். அப்பா பேராசிரியராக இருக்கிற பையனுக்கு வெளிநாட்டில் மாமா இருப்பார். ஒரு செய்தி அனுப்பினால் கட்டுரை பத்து நிமிஷத்தில் வரும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவளுக்கு எந்த மாமா? பிறகு நேர்காணலில் 'அண்மைக்கால ஆய்வுகளை வாசிக்கவில்லை, தரம் போதாது' என்று எழுதுவார்கள். 'தகுதி', 'தரம்' என்று இவர்கள் உச்சரிக்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் எத்தனை டாலர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த மாணவர்களுக்கு வழி என்னவாக இருந்தது? ஜெராக்ஸ் கடை. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஷ்வரி என்ற ஜெராக்ஸ் கடை. பாடத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பல நூல்களிலிருந்து நகலெடுத்துக் கட்டுக்கட்டாகக் கொடுத்தது. 2012இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் மூன்றும் சேர்ந்து அந்தக் கடை மேல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. ஒரு ஜெராக்ஸ் கடைக்கு எதிராகப் பெருமை பேசும் பதிப்பகங்கள்! மாணவர்கள் சங்கம் அமைத்து வழக்கில் தாங்களாகவே இறங்கினார்கள். 2016 செப்டம்பரில் தீர்ப்பு. பதிப்புரிமை என்பது தெய்வீக உரிமையும் இல்லை, இயற்கை உரிமையும் இல்லை என்று நீதிபதி எழுதினார். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கற்பித்தலுக்கான நகலை அனுமதிக்கிறது என்றார். டிசம்பரில் இரு நீதிபதி அமர்வும் அந்தப் பிரிவுக்கு அதே பொருளைத்தான் சொன்னது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் வாங்கின. நம் மாணவர்களில் பலருக்கு இந்தத் தீர்ப்பு வந்ததே தெரியாது. ஜெராக்ஸ் எடுக்கும்போது நூலகர் அதட்டினால் இன்னமும் பயந்து வைத்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம், பாடத்துக்காக எடுப்பதற்குச் சட்டம் இருக்கிறது.

அடுத்த வழி சை-ஹப். கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்சாந்திரா எல்பாக்கியான் 2011இல் தொடங்கியது. 2015-16இல் ஆறு மாதத் தரவை அலசியபோது இந்தியாவிலிருந்து மட்டும் 34 லட்சம் கட்டுரைகள் இறக்கப்பட்டிருந்தன. இத்தனைபேர் திருடர்களா, இல்லை இத்தனைபேருக்குத் தாகமா? 2020 டிசம்பரில் எல்சவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் மூன்றும் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போயின. 2025 ஆகஸ்டில் இந்தியாவில் அந்தத் தளத்தை முடக்க ஆணை வந்தது. ஜெராக்ஸ் கடைக்குக் கிடைத்த நீதி இதற்குக் கிடைக்கவில்லை.

அரசின் பதில் 'ஒரே நாடு ஒரே சந்தா'. (எல்லாத்துக்கும் ஒரே நாடு. சுடுகாடு மட்டும் ஊருக்கு ரெண்டு.) 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல். 2025, 26, 27 மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகம், சுமார் 13,000 இதழ், 6,300 அரசு நிறுவனங்கள், 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும். இதை நான் முழுசாகத் தூற்ற மாட்டேன். நேற்றுவரை ஐ.ஐ.டி.யில் மட்டும் கிடைத்தது இன்று ஒரு மாவட்டத்து அரசுக் கல்லூரியிலும் கிடைக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை. நம் பிள்ளைகள் அதை விடாமல் பயன்படுத்த வேண்டும்.

ஆனால் இது வாடகை. ஆண்டுக்கு ரெண்டாயிரம் கோடி கொடுத்தும் ஒரு பக்கம்கூட நம் சொத்தாகவில்லை. சுயநிதிக் கல்லூரியில் படிக்கிற தலித் பெண் இதில் இல்லை. படிப்பை முடித்து அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்ததும் கதவு சாத்திவிடும். வன்கொடுமை வழக்கு நடத்துகிற வழக்கறிஞர், மலக்குழிச் சாவுகளைக் கணக்கெடுக்கிற தோழர், ஊராட்சித் தலைவரான நம் அக்கா யாரும் கிடையாது. மகாடு சவுதார் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1924இலேயே நகராட்சி அது எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. 1927 மார்ச்சில் அம்பேத்கர் போய் ஒரு கை அள்ளிக் குடிக்கும்வரை அந்தத் தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. குடித்த பிறகும் அடி விழுந்தது, குளத்துக்குத் 'தீட்டு' கழித்தார்கள். 'பொது' என்று எழுதி வைத்துவிட்டால் பொதுவாகிவிடாது.

இந்தப் பக்கம் ஒரு மறுப்பு வரும். அதுவும் நம் ஆட்களிடமிருந்தே வரும். 'இப்போதான் தலித் எழுத்தாளன் நாலு காசு பார்க்கிறான், அதுக்குள்ள பதிப்புரிமை கூடாதுன்னா எப்படி?' நியாயமான கேள்வி. நாவல், கவிதை, தன்வரலாறு எழுதுகிற நம் எழுத்தாளருக்கு ராயல்டி உண்டு. அது அவர் சோறு. அவர் புத்தகத்தை பி.டி.எஃப். ஆக்கிச் சுற்றுக்கு விடுகிறவர் புரட்சிக்காரர் இல்லை, வயிற்றில் அடிக்கிறவர். நான் பேசுவது சம்பளத்துக்கோ உதவித்தொகைக்கோ எழுதி, ராயல்டியே இல்லாமல் கம்பெனிக்குப் போகும் ஆய்வுக் கட்டுரையை. ரெண்டையும் போட்டுக் குழப்புவதில் லாபம் கம்பெனிக்குத்தான்.

'செலவுக்கு எங்கே போவது' என்பது இன்னொரு கேள்வி. சந்தா இல்லாமல் இதழ் நடத்தும் கஷ்டம் இந்தச் சிற்றிதழுக்குத் தெரியாததா? ஆனால் பிரேசிலில் 1990களின் இறுதியிலிருந்து ஸைலோ என்ற திட்டம் பொதுப் பணத்தில் நடக்கிறது. படிக்கிறவர் காசு கட்டாமலே அங்கே நூற்றுக்கணக்கான ஆய்விதழ்கள் வருகின்றன. சாதி பற்றியே பிராண்டைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 2020 முதல் ஓர் ஆய்விதழ் வருகிறது, எவரும் காசில்லாமல் வாசிக்கலாம். முடியாது என்பவர்கள் இதைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

நடுவில் தரகர்கள் வேறு. 'ஸ்கோபஸ் இதழில் கட்டுரை போட்டுத் தருகிறோம்' என்று எனக்கே செய்தி வந்தது. முப்பதாயிரம் ரூபாய், எழுதியும் கொடுப்பார்களாம். ஸ்கோபஸ் பட்டியல் எவனுடையது? எல்சவியருடையதுதான். பூட்டும் அவன், எந்தப் பூட்டு உசத்தி என்று சான்றிதழ் கொடுப்பவனும் அவன். நம் பிள்ளைகள் வட்டிக்கு வாங்கி இந்தத் தரகர்களிடம் ஏமாறுவதை நேரில் பார்த்தேன்.

ஆங்கிலச் சுவர் இதற்கெல்லாம் அப்பால் தனியாக நிற்கிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆய்வு செய்யும் தோழர்கள் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்னுள்ள படியைப் பொதுக் களஞ்சியத்தில் போட்டு வையுங்கள். பெரும்பாலான இதழ்கள் இதைத் தடுப்பதில்லை. ஒப்பமிடும் தாளில் உரிமை மாற்றம் என்று இருந்தால் அதை அடித்துவிட்டு 'வெளியிட அனுமதி' என்று எழுதிக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வேடு சோத்கங்காவில் ஏறிவிட்டதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். எந்தக் காலனியில் போய்க் கேட்டு எழுதினீர்களோ அங்கே ஒரு அச்சுப்படியும், நாலு பக்கத் தமிழ்ச் சுருக்கமும், ஒலிப்பதிவின் நகலும் கொடுத்துவிட்டு வாருங்கள். இதைச் செய்யாத ஆய்வாளரை அடுத்த முறை காலனிக்குள் கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்று நான் முடிவெடுத்து மூணு வருஷம் ஆகிறது. மற்ற தோழர்களும் எடுக்கலாம்.

அரசிடம் கேட்க வேண்டியது வேறு. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தங்கள் பணத்தில் நடந்த ஆய்வைப் பொதுக் களஞ்சியத்தில் போட வேண்டும் என்று 2014 டிசம்பரிலேயே கொள்கை வெளியிட்டன. அது தூங்குகிறது. சாதி, நிலம், கூலி, வன்கொடுமை பற்றிய சமூக அறிவியல் அதன் வரம்புக்குள்ளேயே வரவில்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 2025 ஜூலை முதல் தன் பணத்தில் வரும் கட்டுரைகளை வெளியான உடனே எல்லோருக்கும் திறக்கச் சொல்லியிருக்கிறது. முதலாளிய நாடு செய்ததை 'ஒரே நாடு' ஏன் செய்யவில்லை?

சந்தா ஒப்பந்தக் காலம் 2027 டிசம்பரோடு முடிகிறது. அடுத்த பேரத்துக்கு உட்காரும் முன், மூன்று விஷயத்தை எழுத்தில் கேட்டு மாணவர் அமைப்புகள் கல்வி அமைச்சகத்துக்கு மனு அனுப்ப வேண்டும். இந்திய ஆய்வாளர் எழுதிய எல்லாக் கட்டுரையும் கம்பெனியின் பூட்டுக்கு வெளியே ஒரு களஞ்சியத்தில் இருக்க வேண்டும். மாவட்ட மைய நூலகங்களும் கிளை நூலகங்களும் சந்தாவுக்குள் வர வேண்டும், அங்கே அடையாள அட்டை கேட்கக்கூடாது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பற்றிக் களப்பணி செய்து எழுதிய எதற்கும் அந்த மக்களிடம் காசு வாங்கக்கூடாது. மனுவின் நகல் ஒன்றை நம் இதழ் முகவரிக்கும் அனுப்புங்கள். எந்தெந்தக் கல்லூரியிலிருந்து போனது என்று அடுத்த இதழில் போடுவோம்.